புதுப்பிப்பு: 'பிளாக் ஜாக்' விமானச் சிதைவுக்கு மூழ்கி இறங்கச் சிலிண்டரில் காற்று எவ்வளவு வேணும்?

1943 ஜூலையில் பப்புவா நியூகினியின் போகா போகா கிராமத்துக்கு முன்னால் கடலில் இறக்கப்பட்ட அந்த பி-17 குண்டுவீச்சு விமானம் பற்றிய முந்தைய பதிவில், சிலிண்டரில் 50 பார் (பார் என்பது அழுத்த அலகு) மிச்சம் வைத்தால் போதும் என்று எழுதியிருந்தேன். அது பிழை, தயவுசெய்து அந்தக் கணக்கில் இறங்காதேங்கோ.

விமானம் கிடப்பது 50 மீட்டரை ஒட்டி. அங்கே அழுத்தம் 6 பார், அதாவது ஒவ்வொரு மூச்சுக்கும் மேற்பரப்பைவிட 6 மடங்கு காற்று போகும். துணையாளின் காற்று நின்றால் இருவரும் ஒரே சிலிண்டரில் ஏறவேணும். பதற்றத்தில் மேற்பரப்புக் கணக்கில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லீட்டர் போகும். அடியில் 1 நிமிடத்துக்கு 360, 5 நிமிட ஏற்றத்துக்கு (சராசரி 3.5 பார்) 1050, 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க 270: மொத்தம் 1680 லீட்டர். 12 லீட்டர் சிலிண்டரில் அது 140 பார்! 200 பாரில் மிஞ்சும் 60 பார், ஒருவர் அமைதியாக, நிமிடத்துக்கு 20 லீட்டர் மூச்சுவிட்டாலும், அடியில் 6 நிமிடம்தான், இறங்கும் நேரமும் அதற்குள். அழுத்தத் தளர்வு நிறுத்தங்கள் (உடலில் கரைந்த நைதரசன் வெளியேற, ஏறும் வழியில் நிற்கும் நேரம்) இதில் சேரவில்லை. ஆகவே இரட்டைச் சிலிண்டரும் அதற்கான பயிற்சியும் கட்டாயம். 32 வீத நைட்ரொக்ஸ் (ஒட்சிசன் கூட்டிய காற்று) வேண்டாம், அதன் எல்லை 33 மீட்டர்.

அலுமினியத் தகடு கிழிந்த இடம், வெட்டின பேணி விளிம்பு மாதிரி. கையுறை போட்டாலும் பிடிக்காதேங்கோ. உள்ளே வயர்கள் தொங்கும், வண்டல் ஒரு உதையில் கிளம்பும். எங்கட பாக்குக் குடாக் கலங்கலில் வண்டல் கிளம்பாத தவளை உதை (தவளை மாதிரிக் காலைப் பக்கவாட்டில் உதைப்பது) பழகலாம். ஆழத்து அழுத்தத்தில் நைதரசன் தரும் போதை மாதிரியான மயக்கத்தை, ஆழம் குறைந்த அங்கே பழக ஏலாது.