சியுஇடி மொழித்தாள்: தமிழா, ஆங்கிலமா?

கரிசல்பெண்:
ஸ்டேட் போர்டு, தமிழ் மீடியம், ப்ளஸ் டூ படிக்கிறேன். டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் வரலாறு படிக்க ஆசை, அதற்கு சியுஇடி (மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு) எழுத வேண்டும். மொழித்தாளுக்குத் தமிழ் எடுக்கலாம் என்று இருக்கிறேன். டியூஷன் சார், "தமிழ் எடுத்தால் அங்கே மதிக்க மாட்டார்கள், ஆங்கிலமே எழுது" என்கிறார். பெரியம்மா மகன், "வீட்டில் பேசுற மொழிதானே, படிக்காமலே 250க்கு 250 வாங்கலாம்" என்கிறான். இரண்டு பேருமே அந்தப் பரீட்சை எழுதியதில்லை. எழுதியவர்கள் யாராவது சொல்லுங்களேன். விண்ணப்பத்தில் இன்னொரு இடத்திலும் மொழி கேட்கிறது, அங்கேயும் தமிழ்தான் கொடுக்கணுமா?

தேரிக்காடு:
தங்கச்சி, நான் தமிழ் எழுதிவிட்டு டெல்லிக்கு வந்தவன். மதிக்க மாட்டார்கள் என்பதெல்லாம் சும்மா. உன் படிப்புக்கு ஒரு மொழியும் மூன்று பாடமும் எழுதுவாய், மொத்தம் 1000க்கு ரேங்க் போடுவார்கள், அதில் மொழியின் 250 தமிழில் வந்ததா ஆங்கிலத்தில் வந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. பி.ஏ. ஆனர்ஸ் ஆங்கிலம் மாதிரிச் சில படிப்புகளுக்குத்தான் ஆங்கிலத்தாள் கட்டாயம்.

ஆனால் உன் அண்ணன் சொல்வதை நம்பிப் போய்விடாதே, நானும் அப்படி நினைத்துத்தான் மாட்டிக்கொண்டேன். மாக் டெஸ்டில் பனைமரத்தைப் பற்றி ஒரு பத்தி. நான் பனங்காட்டில் வளர்ந்தவன், தாத்தா மரம் ஏறியவர், அந்தப் பத்தியை முழுசாக வாசிக்கக்கூட இல்லை. "பத்தியின்படி பதநீர் எப்போது இறக்கப்படுகிறது?" என்ற கேள்விக்கு 'காலை, மாலை' என்று போட்டேன். எங்கள் ஊரில் இரண்டு வேளையும் மரம் ஏறுவார்கள். பத்தியில் இருந்ததோ காலை மட்டும். ஐந்து மார்க்கும் போய், மேலே மைனஸ் ஒன்று. தெரிந்த மொழியில் இதுதான் வினை, கண் வாசிப்பதற்கு முன்னால் மனசு பதில் சொல்லிவிடும்.

அப்புறம் பள்ளிக்கூடத்தில் நாம் பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதிப் பழகியவர்கள். இங்கே எல்லாம் நான்கில் ஒன்று. என் வருடத்தில் சாய்ஸ் இருந்தது, 2025 முதல் 50 கேள்வியும் கட்டாயம், 60 நிமிடம். நீளமான பத்தியைத் திரையில் மவுஸால் இறக்கி இறக்கி வாசித்துப் பழகு. எதிர்ச்சொல், மரபுத்தொடர், விலை-விளை-விழை மாதிரி மயங்கொலிச் சொற்கள் எல்லாம் ஒருதடவை புரட்டிவிடு.

சுண்டல்:
விண்ணப்பத்தில் நிறையப் பேர் குழம்புகிற இடம் அது. மொழித்தாள் வேறு, வினாத்தாள் மீடியம் வேறு. வரலாறு, அரசியல் அறிவியல் கேள்விகள் எந்த மொழியில் வேண்டும் என்பதுதான் மீடியம், 13 மொழிகளில் தமிழும் இருக்கிறது. மொழித்தாளில் தமிழ் எடுத்ததால் மீடியத்திலும் தமிழ்தான் போட வேண்டும் என்றில்லை. என் தோழி மீடியத்தில் தமிழ் போட்டுவிட்டு, மொழித்தாளும் தமிழ் என்று தானாகவே ஆகிவிடும் என்று இருந்தாள், ஹால் டிக்கெட் வந்த பிறகுதான் பார்த்தாள்.

இன்னொன்று, உனக்கு நிஜமான தலைவலி வரலாற்றுத்தாள்தான். அது மத்திய அரசின் என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஒட்டியது, ஹரப்பாவில் தொடங்கும். நம் ப்ளஸ் டூ புத்தகமோ இந்தியாவில் தேசியத்தின் எழுச்சி என்றுதான் தொடங்குகிறது. தமிழா ஆங்கிலமா என்று யோசிக்கிற நேரத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்து உட்கார்.

மூணாவதுபெஞ்ச்:
இந்தப் பரீட்சையே வேண்டாம் என்று நம் சட்டமன்றத்தில் 2022 ஏப்ரலில் தீர்மானம் போட்டார்கள், நீங்கள் இங்கே மொழித்தாளுக்கு மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளூர் அரசுக் கல்லூரியில் ப்ளஸ் டூ மார்க் போதுமே.

தேரிக்காடு:
தீர்மானம் சரிதான், அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவள் கேட்டது டெல்லியை. ஒரு வேடிக்கை பாருங்கள், இங்கே இன்ஜினியரிங் கட்-ஆஃபில் தமிழ் மார்க்கைச் சேர்ப்பதே இல்லை, அங்கே அதே தமிழ் ரேங்க்கில் கால்வாசி. (டெல்லியிலும் பி.எஸ்சி. இயற்பியல் மாதிரிப் படிப்புக்கு மொழியில் 30 சதவீதம் எடுத்தால் போதும், ரேங்க் மற்ற மூன்று பாடத்தில்தான். அவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.)

ஆனால் ஒன்று, வகுப்பில் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடும். பரீட்சைக்குத் தமிழ் எடு, ஆங்கிலத்தை விட்டுவிடாதே. முதல் செமஸ்டர் முழுக்க நான் அகராதியோடு திரிந்தேன்.

கரிசல்பெண்:
நன்றி அண்ணா, அக்கா. நேற்று இரண்டிலும் ஒவ்வொரு மாக் டெஸ்ட் எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 131, பதின்மூன்று கேள்வி தொடவே இல்லை. தமிழில் 178. தப்பானது பன்னிரண்டு, அதில் ஏழு பத்திக் கேள்வி. அண்ணனின் பதநீர் கதையேதான். தமிழே எடுக்கிறேன். என்சிஇஆர்டி புத்தகம் பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறதாம், சாயங்காலம் வாங்கப் போகிறேன்.