சென்னை – பாளையங்கோட்டை மாசம் 2,500 கிமீ: பழைய இ கிளாஸா, 5 சீரீஸா, ஏ6ஆ?

பாளையங்கோட்டைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா ஓரமா நின்னு படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேக்குறேன். வேலை சென்னையில, வீடு பாளையங்கோட்டையில. அப்பாவுக்கு போன வருஷம் முதுகுல ஆபரேஷன் ஆச்சு, மாசம் ஒரு செக்கப் இங்க. ரயில்ல கீழ் பெர்த் கிடைச்சா உண்டு இல்லன்னா இல்ல, அதனால நானே போய் கூட்டிட்டு வந்து திரும்ப கொண்டு விட்டுட்டு வாரேன். ஒரு பக்கம் 620 கிமீ, அப்ப மாசம் ரெண்டு முழு ட்ரிப், கிட்டத்தட்ட 2,500 கிமீ ஆகுது. இப்ப இருக்குற சின்ன வண்டியில பின்னாடி சீட்ல அவரு உளுந்தூர்பேட்டை தாண்டுறதுக்குள்ளயே நெளிய ஆரம்பிச்சுடுறாரு, வாயைத் திறந்து சொல்ல மாட்டாரு, ஆனா கண்ணாடியில தெரியும்.

பட்ஜெட் 25 லட்சம், அதுக்கு மேல ரிப்பேருக்குன்னு தனியா ஒரு 3 லட்சம் எடுத்து வெச்சிருக்கேன். பாத்து வெச்சிருக்கறது மூணு: 2017 மெர்சிடிஸ் இ கிளாஸ் (இ220டி), 2015 பிஎம்டபிள்யூ 5 சீரீஸ் (520டி), 2016 ஆடி ஏ6 டீசல். முதலாவது பட்ஜெட்டுக்கு கொஞ்சம் மேல. டெல்லியில இதே இ220டி 4 லட்சம் கம்மியா கிடைக்குதுன்னு ஒரு புரோக்கர் சொல்றாரு. பின் சீட்டுக்கு எது நல்லது, வழியில நின்னு போனா என்ன கதி, டெல்லி வண்டி எடுக்கலாமா, அனுபவம் இருக்குறவங்க சொல்லுங்க.

ஹைவே ஆந்தை:

ப்ரோ நீங்க கேக்குற விஷயத்துக்கு பதில் உங்க அப்பா உக்காரப்போற இடத்துலதான் இருக்கு, இன்ஜின்ல இல்ல. 2017ல இந்தியாவுக்கு வந்த இ கிளாஸ் நீள வீல்பேஸ் வண்டி, அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல தூரம் அதிகம், 3,079 மிமீ. 5 சீரீஸ் அந்த தலைமுறை 2,968, ஏ6 2,912. அதாவது ஏ6க்கும் இ கிளாஸுக்கும் நடுவுல முக்கால் சாண் கிட்ட வித்தியாசம், அது பெரும்பாலும் பின்னாடி கால் வெக்கிற இடத்துக்குத்தான் போயிருக்கு. பின் சீட் 37 டிகிரி வரைக்கும் சாயும். முன்னாடி ஆள் இல்லன்னா அந்த சீட்டையும் முன்னாடி தள்ளிட்டு காலை நீட்டிக்கலாம். முதுகு ஆபரேஷன் ஆனவருக்கு நேரா நிமிந்து 10 மணி நேரம் உக்காரறதுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு நான் சொல்லவே வேணாம்.

ஓட்டுறவனுக்குன்னா 5 சீரீஸ்தான், அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. 8 கியர் ஆட்டோமேட்டிக், துவரங்குறிச்சி பக்கம் ரோடு காலியா இருக்கும்போது அது கையில பேசுற மாதிரி பேசும். ஆனா அதுல ரன்ஃப்ளாட் டயர், பக்கச்சுவர் கெட்டியா இருக்கும், பாலத்து ஜாயின்ட் ஒவ்வொண்ணும் பின் சீட்டுக்கு டக் டக்னு ஏறும். பஞ்சர் ஆனாலும் 80 கிமீ வேகத்துல 80 கிமீ தூரம் போகலாம், ராத்திரி 2 மணிக்கு விராலிமலை பக்கம் அது வரம்தான், ஆனா உங்க அப்பா முதுகு அதுக்கு வாடகை கட்டும்.

ஏ6 உள்ள அமைதி, ஃபினிஷ் அருமை. ஆனா 2015 ஃபேஸ்லிஃப்டுக்கு முன்னாடி வந்த 2.0 டீசல்ல மல்டிட்ரானிக்னு ஒரு சிவிடி (தனித்தனி கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ், ஃபேஸ்லிஃப்ட்ல இருந்துதான் 7 ஸ்பீட் எஸ் ட்ரானிக். 2016ன்னு சொல்றீங்க, பழைய மல்டிட்ரானிக் வண்டி மாட்டிடாம ஆர்சி புக்ல தயாரிப்பு மாசத்தையும் பாத்துக்கோங்க.

வித்துட்டு நிம்மதி:

எல்லாரும் வாங்குறதுக்கு முன்னாடி கதையைத்தான் சொல்லுவாங்க, நான் பின்னாடி கதையைச் சொல்றேன். எந்த கம்பெனின்னு சொல்ல மாட்டேன், ஐரோப்பா வண்டி, 6 வருஷம் பழசு, 70,000 கிமீ, பாக்க பொண்ணு மாதிரி இருந்துச்சு. எடுத்து எட்டாவது மாசம் ஏர் சஸ்பென்ஷன் ஒரு பக்கம் இறங்கிப்போச்சு, காலையில பாத்தா வண்டி ஒட்டகம் மண்டி போட்ட மாதிரி நிக்குது. அதுல இருக்குற ரப்பர் பை வயசானா வெடிப்பு விடும்னு எனக்கு யாரும் சொல்லல. அதை சரி பண்ணினா காத்து கசிஞ்ச நேரம் முழுக்க கம்ப்ரஸர் ஓடி ஓடி அதுவும் செத்துப்போச்சாம். ஒரு பக்கத்துக்கு சொன்ன பில் நாலு பக்கத்துக்கு ஆச்சு, என் தம்பி அந்தக் காசுல ஒரு ஸ்கூட்டரே எடுத்திருக்கலாம்னு இன்னைக்கும் சொல்லிக் காட்டுவான்.

வாங்குற விலை பழசுதான், ஆனா பார்ட்ஸ் விலை புதுசு. இதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க தலைவரே. 60 லட்ச ரூபா வண்டியோட ஹெட்லைட், நீங்க 20 லட்சத்துக்கு வாங்கிட்டீங்கன்னு விலை குறைச்சு வராது. 3 லட்சம் ரிசர்வ் வெச்சிருக்கறது நல்ல புத்தி, எனக்கு அது இல்ல. ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி எதுவா இருந்தாலும் பழசுல வேணாம், ஸ்பிரிங் வண்டியா பாருங்க.

பாளையங்கோட்டைக்காரன்:

அண்ணே பயமுறுத்திட்டீங்க. நான் பாத்த இ220டில ஸ்பிரிங்தான்னு சொன்னாங்க, நேர்ல கீழ படுத்துப் பாத்துடுறேன். டீசல் கணக்கு போட்டுப் பாத்தேன், 15 கிடைச்சா போக வர 1,240 கிமீக்கு 83 லிட்டர், லிட்டர் 92 ரூபான்னா 7,600 கிட்ட வருது. எண்ணெய்ச் செலவு எனக்கு பிரச்சனையா தெரியல, அண்ணன் சொன்ன மாதிரி திடீர் செலவுதான் தூக்கத்தைக் கெடுக்குது.

ஸ்பானர் மாமா:

தம்பி, கிண்டி பக்கம் சொந்தமா பட்டறை வெச்சு 20 வருஷமா இந்த வண்டிகளைத்தான் பாக்குறேன், கம்பெனி ஆள் இல்ல, அதனால எந்த வண்டிக்கும் நான் மாமியாரும் இல்ல மருமகளும் இல்ல.

சென்னை வண்டின்னா முதல் கேள்வி தண்ணி. 2015 டிசம்பர், அப்புறம் 2023 டிசம்பர் மிக்ஜாம், ரெண்டுலயும் முங்கின வண்டி எத்தனை பாலிஷ் போட்டு வெளிய வந்துச்சுன்னு எங்களை மாதிரி ஆளுங்களுக்குத் தெரியும். உங்க ஊர்ப்பக்கமும் மிக்ஜாமுக்கு ரெண்டு வாரம் கழிச்சு தாமிரபரணி வந்துச்சே, அதனால திருநெல்வேலி வண்டின்னாலும் நம்பிடாதீங்க. சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுங்க, அடியில சேத்துக்கறை இருக்கும், அதை எவனும் கழுவ மாட்டான். டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்க, சீட் அடியில வயர் கனெக்டர்ல பச்சை பூத்திருக்கான்னு பாருங்க. இந்த வண்டியில கம்ப்யூட்டரும் வயரும் கீழயேதான் ஓடுது, இன்ஜினுக்கு தண்ணி போகலன்னு சொல்றதெல்லாம் ஆறுதலே இல்ல.

ஓடின கிமீயை மீட்டர்ல குறைச்சுத் திருப்புறது ரெண்டாவது. பிஎம்டபிள்யூ சாவியில கடைசியா ஓடின கிமீ பதிவாகும், சர்வீஸ்ல சாவியைப் போட்டுப் படிச்சா தெரிஞ்சிடும், ரெண்டு சாவியையும் கேட்டு வாங்கிப் படிங்க. ஒரு சாவி தொலைஞ்சு போச்சுன்னா அது ஏன் தொலைஞ்சுதுன்னு யோசிங்க.

520டில 2014 வாக்குல வரைக்கும் வந்த இன்ஜின்ல டைமிங் செயின் (வால்வுகளை நேரத்துக்கு இயக்குற சங்கிலி) பின்னாடி, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கு. தேஞ்சா இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்காம கை வெக்க முடியாது, கூலியே பாதி பில். உங்களது 2015ன்னா அடுத்த இன்ஜினா இருக்கலாம், அதுலயும் செயின் பின்னாடிதான், ஆனா அந்தக் கெட்ட பேரு அதுக்கு இல்ல. காலையில ஆறிப்போன இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது பின்பக்கம் இருந்து உரசுற சத்தம் வருதான்னு கேளுங்க.

அப்புறம் கியர்பாக்ஸ் ஆயில். லைஃப்டைம் ஃபில், வண்டி ஆயுசுக்கும் மாத்த வேணாம்னு சொல்லி மாத்தாமலே விட்டிருப்பாங்க. பிஎம்டபிள்யூல இருக்குற அந்த 8 ஸ்பீட் பெட்டியைச் செய்யுற இசட்எஃப் கம்பெனியே 80,000ல இருந்து 1,20,000 கிமீக்குள்ள மாத்தச் சொல்லுது, யாரோட லைஃப்டைம்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. மாசம் 2,500னா உங்களுக்கு வருஷம் 30,000 ஓடும், அதனால எந்த வண்டி எடுத்தாலும் முதல் வாரமே அந்த ஆயிலை மாத்திடுங்க.

டீசலுக்கு உங்க ஓட்டம் நல்ல ஓட்டம்தான். டவுனுக்குள்ள ஸ்கூலுக்கும் கடைக்கும் மட்டும் போற வண்டிக்குத்தான் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்குற ஃபில்டர்) அடைக்கும், ஹைவேல சூடாகி ஓடினா தானே எரிச்சு சுத்தம் பண்ணிக்கும்.

மூணாவது லேன்:

டெல்லி வண்டி பத்தி யாரும் சொல்லலையேன்னு எழுதுறேன். அங்க 10 வருஷம் தாண்டின டீசல் ஓடக்கூடாதுன்னு 2015ல பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதுல இருந்தே பழைய டீசலுக்கு அங்க மவுசு கம்மி, அதான் 4 லட்சம் குறையுது, வேற மாயம் ஒண்ணும் இல்ல. ஆனா இங்க கொண்டு வந்தா அங்க இருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கணும், 12 மாசத்துக்கு மேல இங்க வெச்சு ஓட்டுறதா இருந்தா டிஎன் நம்பருக்கு மாத்தியாகணும், லைஃப் டாக்ஸ் திரும்பக் கட்டணும், அங்க கட்டினதை ரீஃபண்ட் வாங்க நீங்கதான் அலையணும், அப்புறம் லாரியில ஏத்தி அனுப்புற செலவு. எல்லாம் கூட்டினா அந்த 4 லட்சத்துல என்ன மிஞ்சும்னு பேப்பர்ல எழுதிப் பாருங்க. பாண்டிச்சேரி பிஒய் நம்பர் வண்டிக்கும் இதே கதைதான், விலை கம்மியேன்னு எடுத்துட்டு செக்போஸ்ட்ல பதில் சொல்ல வேண்டியது நீங்க.

கடலைமிட்டாய்:

அண்ணாச்சி நான் கோவில்பட்டி, உங்க ரூட்டுதான். எல்லாரும் ஆடியோட நாலு வட்டத்தையும் மெர்சிடிஸ் நட்சத்திரத்தையுமே பேசுதாங்க, ஸ்கோடா சூப்பர்ப் டீசலை மறந்துட்டாங்க. 2016ல இருந்து வந்தது, 177 எச்பி, ஆயில்ல நனையுற கிளட்ச் உள்ள 6 ஸ்பீட் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டிக்கி 625 லிட்டர், டேங்க் 66 லிட்டர். உங்க ஊருக்குப் போய்ச் சேந்த பிறகும் டீசல் மிச்சம் இருக்கும். பின்னாடி கால் இடம் இ கிளாஸுக்கு சமமா நிக்கும். நீங்க சொன்ன காசுல பாதியில முடிஞ்சிரும், மிச்சத்துல 5 வருஷம் மெயின்டனன்ஸ் பாத்துக்கலாம். நான் 1,40,000 ஓட்டிட்டேன், 60,000க்கு ஒரு தடவை டிஎஸ்ஜி ஆயில் மாத்துறேன், அவ்வளவுதான். கல்யாண வீட்டு வாசல்ல நின்னா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, அது ஒண்ணுதான் குறை.

டிக்கி விஷயம் இன்னொண்ணு. அந்த இ கிளாஸ்ல ஸ்டெப்னி டிக்கிக்குள்ளயே இடத்தை அடைச்சுக்கிட்டு கிடக்கும். அப்பாவுக்கு வாக்கர், வீல்சேர் ஏதாச்சும் இருந்தா முதல்ல அதை வெச்சுப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.

பாளையங்கோட்டைக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒரு வாரம் கழிச்சு எழுதுறேன். டெல்லி புரோக்கருக்கு வேணாம்னு சொல்லிட்டேன், மூணாவது லேன் சொன்ன கணக்கைப் போட்டதுல ஒண்ணரை லட்சம் கூட மிஞ்சல, அதுக்கு இவ்வளவு அலைச்சல் எதுக்கு.

அப்பா செக்கப்புக்கு வந்திருந்தப்ப அவரையே கூட்டிட்டுப் போய் மூணுலயும் உக்கார வெச்சேன். 5 சீரீஸ்ல ஏறும்போதே "கிணத்துக்குள்ள இறங்குற மாதிரி இருக்குலே" ன்னாரு. இது எனக்கு தோணவே இல்ல, வீல்பேஸ் மிமீ எல்லாம் மனப்பாடம் பண்ணினேன், சீட் எவ்வளவு உசரத்துல இருக்குன்னு ஒருத்தன் யோசிக்கல பாருங்க. இ கிளாஸும் தாழ்வுதான், ஆனா கதவு அகலமா திறக்குறதால முதல்ல உக்காந்துட்டு அப்புறம் காலை உள்ள திருப்பிக்கிறாரு, அது அவருக்கு ஒத்து வருது. ஏ6ல அந்த இடம் பத்தல. ஈசிஆர்ல டெஸ்ட் டிரைவ் போனோம், சீட்டை சாச்சு விட்டேன், கோவளம் வர்றதுக்குள்ள தூங்கிட்டாரு. விக்கிறவரு பேசிட்டே இருந்தாரு, நான்தான் சத்தம் போடாதீங்கன்னு கையைக் காட்டினேன். வாக்கரை மடக்கி ஸ்டெப்னி மேல படுக்க வெச்சா டிக்கி மூடுது, ஒரு பெட்டிதான் கூட வைக்கலாம்.

சூப்பர்ப் இன்னும் பாக்கல கடலைமிட்டாய், உங்க வண்டியையே ஒரு தடவை அப்பாவை உக்கார வெச்சுப் பாக்க முடியுமா? அடுத்த ட்ரிப்ல கோவில்பட்டியில நிறுத்துறேன். ஆபரேஷன் முதுகு எனக்கு இல்ல, ஆனா இஎம்ஐ எனக்குத்தானே.

ஸ்பானர் மாமா, இந்த சனிக்கிழமை காலையில அந்த இ220டியை உங்க பட்டறைக்கு கொண்டு வரலாமா? ஓனர் சம்மதிச்சிட்டாரு.

கடலைமிட்டாய்:

தாராளமா வாங்க அண்ணாச்சி, பைபாஸ்லயே நிக்கேன். அப்பா மத்தியானம் படுக்கணும்னா வீடும் பக்கந்தான்.

ஸ்பானர் மாமா:

9 மணிக்கு வாங்க தம்பி. ஆனா ஓனர்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க, வெள்ளிக்கிழமை ராத்திரியே வண்டியை என் பட்டறையில விட்டுட்டுப் போகட்டும். ராத்திரி முழுக்க ஆறின இன்ஜினை நானே முதல்ல ஸ்டார்ட் பண்ணணும். மாட்டேன்னு சொன்னாருன்னா நீங்க சனிக்கிழமை வரவே வேணாம், வீட்ல தூங்குங்க.