பழகின போலீஸ்காரர் ஆளே மாறிப்போனதைப் பார்த்தவங்க இருக்கீங்களா?

கல்பாலம்:
ஒரு மாசமா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. எழுதிட்டா போயிரும்னு எழுதுறேன்.

2001. பிளஸ் டூ படிக்கிறேன். டியூஷன் வாசல்ல நிறுத்தின சைக்கிள் காணோம். அப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருவார்னு நானே ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் 'போய் பெரியவங்களைக் கூட்டிட்டு வாடா'ன்னு விரட்டிட்டார். வாசல்ல பாரா நின்ன புதுப் போலீஸ் ஒருத்தர், சட்டை கஞ்சி போட்டு மொடமொடன்னு இருக்கும், ட்யூட்டி முடிஞ்சதும் என்னைத் தன் வண்டியில ஏத்திக்கிட்டு நாலு பழைய இரும்புக்கடை ஏறி இறங்கினார். சைக்கிள் கிடைக்கல. ஆனா வீட்டு வாசல் வரைக்கும் வந்து, 'பையனை அடிக்காதீங்கண்ணே, அவன் மேல தப்பில்ல'ன்னு அப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் போனார்.

போன மாசம் ஆர்சி புக் தொலைஞ்சு ஸ்டேஷனுக்குப் போனா, அதே மனுஷன். தோள்ல ஸ்டார், இப்ப எஸ்எஸ்ஐ, அதாவது சிறப்பு எஸ்ஐ. நெஞ்சுல பேரைப் பார்த்ததும் எனக்கு அப்படியே சிரிப்பு வந்திருச்சு. அவர் போன்ல என்னமோ தள்ளிக்கிட்டே 'சொல்லு'ங்கிறார். ஆர்சி புக்னேன். 'அதெல்லாம் ஆன்லைன்ல போடு.' சார், 2001ல என் சைக்கிளு... அப்படின்னு ஆரம்பிச்சேன். 'சைக்கிளா? ஆர்சி புக்குன்னு சொன்ன?'

அப்பவும் தலை நிமிரல. பேசாம வந்துட்டேன். அவர் என்னை மறந்ததுல வருத்தமில்ல, 24 வருஷம் ஆச்சு. ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

பாரா நம்பர் 2:
தம்பி, நான் அந்தத் துறையில 36 வருஷம் இருந்து 2022ல வெளிய வந்தவன். நீங்க ஒரு நாள் பார்த்தீங்க. அவர் அன்னைக்கு எத்தனாவது ஆளைப் பார்த்தார்னு உங்களுக்குத் தெரியாது. முந்தின ராத்திரி ரவுண்ட்ஸ், காலையில விஐபி பந்தோபஸ்து, அப்புறம் கோர்ட்டு, அப்புறம் மனு. 2021ல போலீசுக்கு வார ஓய்வுன்னு அரசாணை போட்டாங்க. பேப்பர்ல படிச்சேன், அவ்வளவுதான்.

எங்க காலத்துல ரெண்டாம் நிலைக் காவலரா சேர்ந்தவன் 10 வருஷம் கழிச்சு முதல் நிலை, இன்னொரு 5 வருஷத்துல ஏட்டு, அதுக்கு மேல 10 வருஷம் ஓட்டினா எஸ்எஸ்ஐ. ஸ்டார் மாறும், பார்க்குற வேலை அதேதான்.

ஆனா நீங்க சொன்னது பொய்யில்ல. நானும் மாறினேன். எந்த நாள்னு கூடத் தெரியும்.

சேர்ந்த புதுசுல கிணத்துல விழுந்த ஒரு பொண்ணைத் தூக்கினோம். தூக்குறப்ப அவ வளையல் என் கையில உடைஞ்சது. நாலு நாள் சோறு இறங்கல. அப்புறம் 2005ன்னு நினைக்கிறேன், ஒரு கிராமத்துல தூக்கு கேஸ். பஞ்சாயத்தாரை வச்சு பிரேத விசாரணை எழுதணும்ல, திண்ணையில உட்கார்ந்து எழுதிக்கிட்டே 'யாராவது ஒரு டீ சொல்லுங்கப்பா'ன்னேன். உள்ள பொம்பளைங்க அழுறாங்க. டீ வந்துச்சு. கொண்டு வந்தது செத்தவரோட மக. பத்து வயசு இருக்கும். தம்ளரை நீட்டிக்கிட்டு 'சக்கரை போதுமா சார்'னு கேட்டுச்சு.

மல்லிகைப்பந்தல்:
மகளிர் ஸ்டேஷன்ல இருக்கேன், ஊர் வேண்டாம். 2011 பேட்ச். 1992ல ஆயிரம் விளக்குல முதல் மகளிர் ஸ்டேஷன் வந்த கதையை டிரெய்னிங்ல கேட்டப்ப புல்லரிச்சது எனக்கு. முதல் வருஷம் மனு கொடுக்க வர்றவங்களோட சேர்ந்து நானும் அழுவேன். சீனியர் அக்கா திட்டுவாங்க, 'நீ அழுதா யாருடி மனுவை எழுதுறது'ன்னு.

இப்ப அந்த அக்கா நான்தான். போன வருஷம் ஒரு பொண்ணு வந்துச்சு, இடுப்புல கைக்குழந்தை, முழங்கையில கன்னிப்போன காயம். பார்த்த மூஞ்சி. நான் பேர் கேட்கல, என்ன ஆச்சுன்னும் கேட்கல. வாயில வந்தது, 'என்னம்மா, மூணாவது தடவையா?' அது ரொம்பப் பொறுமையா, 'நாலாவது மேடம். நடுவுல ஒரு தடவை வந்தேன், நீங்க லீவு'ன்னு சொல்லுது.

கவுன்சிலிங் முடிச்சு அனுப்பினா புருஷன்கூடவே போயிரும், திரும்ப வரும். நாங்களும் என்னதான் பண்றதுன்னு சொல்லலாம். சொல்லியும் இருக்கேன். ஆனா அன்னைக்கு வீட்டுக்குப் போய் யூனிஃபார்மைக் கழட்டவே ரொம்ப நேரம் ஆச்சு.

சட்டமணி:
கல்பாலம், நீங்க பேசாம திரும்பி வந்ததுதான் தப்பு. எனக்கு 2017ல செயின் பறிப்புப் புகார்ல ஒரு புது எஸ்ஐ தண்ணி கொடுத்து உட்கார வச்சு எழுதி வாங்கினார். அதே ஸ்டேஷன்ல பழைய ஏட்டு ஒருத்தர் அலைய விட்டார். என் கதை இவ்வளவுதான். ஆனா எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது இருக்கு.

ஆர்சி புக், லைசென்ஸ், சர்டிபிகேட் தொலைஞ்சா போலீஸ் வெப்சைட்லயே பதிஞ்சு பிரிண்ட் எடுத்துக்கலாம். அந்த எஸ்எஸ்ஐ சொன்னது சரிதான், சொன்ன விதம்தான் சரியில்ல. மத்த புகாருக்கு, புகாரை வாங்கிக்கிட்டதுக்கு அத்தாட்சியான சிஎஸ்ஆர் ரசீது இல்லாம ஸ்டேஷன் படி இறங்காதீங்க. ஆனா சிஎஸ்ஆர் வேற, எஃப்ஐஆர் வேற. பிடியாணை இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னு புகார்லயே தெரிஞ்சா எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு 2013லயே லலிதா குமாரி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. 2024 ஜூலை 1லேர்ந்து பழைய சிஆர்பிசிக்குப் பதிலா பிஎன்எஸ்எஸ்னு புதுச் சட்டம், அதுல பிரிவு 173. எந்த ஸ்டேஷன் எல்லைன்னு பார்க்காம புகார் வாங்கணும். மெயில்ல அனுப்பினா 3 நாளைக்குள்ள போய்க் கையெழுத்துப் போடணும். எஃப்ஐஆர் நகல் இலவசம், ஜெராக்ஸ் காசுகூடக் கொடுக்காதீங்க. 3 வருஷமோ அதுக்கு மேலயோ, ஆனா 7 வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம்னா டிஎஸ்பி அனுமதியோட 14 நாள் முதல்கட்ட விசாரணை பண்ணலாம், அதைச் சாக்கு வச்சு இழுப்பாங்க, தேதியைக் குறிச்சு வச்சுக்கோங்க. வாங்க மாட்டேன்னா எஸ்பிக்குத் தபால், அப்பவும் நடக்கலன்னா மாஜிஸ்திரேட். பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமா வைங்க. அப்புறம் மல்லிகைப்பந்தல் மேடம், நாலாவது தடவையும் கவுன்சிலிங்கா? குடும்ப வன்முறைச் சட்டம் 2005லயே வந்தாச்சே, பாதுகாப்பு அலுவலர்கிட்ட...

மல்லிகைப்பந்தல்:
@சட்டமணி அனுப்பினேன் சார். அதையும் எழுதணும்னு தோணல.

வைப்பாறு:
வேலைப்பளு, தூக்கமில்ல, பாவம்... இந்தப் பாட்டை நிறுத்துங்க. 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல போலீஸ் பிடிச்சுட்டுப் போன அப்பாவும் மகனும் செத்தாங்களே, அங்கயும் எல்லாருக்கும் அதே பந்தோபஸ்து, அதே நைட் ட்யூட்டிதான். அதே ஸ்டேஷன்ல ஒரு பெண் ஏட்டு மாஜிஸ்திரேட்கிட்ட நடந்ததை நடந்தபடி சொன்னாங்க. சர்வீஸ்தான் ஆளை மாத்துதுன்னா அவங்களை ஏன் மாத்தல?

என் அனுபவம், அதே லாக்டவுன். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்கப் போனேன். முன்ன நின்ன இளவட்டம் லத்தியை ஓங்கிருச்சு. பின்னாடி சேர்ல இருந்த வயசான ஏட்டு 'மருந்துச் சீட்டைப் பாருடே மொதல்ல'ன்னார். ஆக, எனக்கு நடந்தது உங்க எல்லாருக்கும் நேர்மாறு. இளசுதான் அடிக்க வந்துச்சு. முழங்கால் வீக்கம் அஞ்சு நாள் இருந்துச்சு, ஏன்னா சீட்டைப் பார்க்கிறதுக்கு முந்தியே ஒண்ணு விழுந்திருச்சு.

பாரா நம்பர் 2, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். அந்தப் பிள்ளை சக்கரை போதுமான்னு கேட்டுச்சே, நீங்க என்ன சொன்னீங்க? அதை மட்டும் விட்டுட்டீங்க.

லைன்வீடு:
வைப்பாறு, வயசான ஏட்டு நல்லவர்னு உடனே முடிவு கட்டாதீங்க. நான் போலீஸ் லைன்ல வளர்ந்தவன், அப்பா ஏட்டு. சின்ன வயசுல எங்களுக்கு அவர் புல்லட் சத்தம் கேட்டாலே வயித்தைக் கலக்கும். கடைசி மூணு வருஷம் ஆளே தங்கம். யாரையும் கைநீட்டல, 'அய்யா, அம்மா'ன்னுதான் பேச்சு. எங்கம்மா சாமிக்கு நேர்ந்துக்கிட்டது பலிச்சிருச்சுன்னு நம்பினாங்க.

ஒரு நாள் ராத்திரி ஜூனியர் யாருக்கோ போன்ல சொல்லிக்கிட்டிருந்தார். 'இப்ப போய் எவன் மேலயாவது கைய வச்சு 3பி சார்ஜ் மெமோ வாங்கினேன்னா, ரிட்டயர்டு ஆகுற அன்னைக்கு சஸ்பென்ஷன் ஆர்டரைக் கையில கொடுத்துருவான், பென்ஷனுக்கு நாய் மாதிரி அலையணும்டா.' நான் ஹால்ல படுத்துக் கேட்டுக்கிட்டிருந்தேன். அம்மாகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லல. இப்ப அவர் பேரனைத் தோள்லயே தூக்கிட்டுத் திரியறார். அதுவும் பயத்துலயான்னு கேட்டா, தெரியல.

கல்பாலம்:
இவ்வளவு பதில் வரும்னு நினைக்கல. நேத்து ஆர்சி புக் பிரிண்ட்டை எடுத்துக்கிட்டு திரும்ப ஸ்டேஷனுக்குப் போனேன். அவர் இல்ல, திருவிழா பந்தோபஸ்தாம். சட்டமணி, ஜெராக்ஸ் காசு கொடுக்கல.

பாரா நம்பர் 2:
வைப்பாறு தம்பி கேட்டதுக்கு. போதும்மான்னு சொன்னேன். அந்த டீயில சக்கரையே இல்ல.