சிங்கிள் கிளட்ச் டிராக்டரில் ஸ்லாஷர்: கிளட்சை மிதித்தாலும் வண்டி முன்னால் போகுது

கொரங்காடு_மூலனூர்

வணக்கமுங்க. மூலனூர் பக்கம் 9 ஏக்கர் கொரங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் காடு), நடுவில் கிளுவை வேலி போட்டு இரண்டு காடாகப் பிரித்தது. கொழுக்கட்டைப் புல்தான் அதிகம். மாடும் ஆடும் மேய்ந்து ஒதுக்கிய இடங்களில் முத்தின புல், பார்த்தீனியம், துத்தி, ஆவாரை எல்லாம் இடுப்பளவு நிற்குது. அதை அடிக்க செகண்ட் ஹேண்டில் 39 எச்பி டிராக்டர் (2008 மாடல், சிங்கிள் கிளட்ச்), கூட 5 அடி ரோட்டரி ஸ்லாஷர் (டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, சுற்றும் கத்தியால் புல் வெட்டும் கருவி). மூணு சந்தேகம்.

வேலியோரம் திருப்பும்போது கிளட்சை முழுசா மிதித்தாலும் வண்டி நாலஞ்சு அடி தள்ளிக்கொண்டு போகுது. கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டதா?

டயர் போன தடத்தில் மட்டும் புல் வெட்டுப்படாமல் படுத்து, மறுநாள் எழுந்து நிற்குது. ஏன்?

எந்த கியர், எவ்வளவு உயரத்தில் வெட்டுவது?

பட்டறை_வெள்ளகோவில்

கிளட்ச் தட்டைக் கழட்டாதீங்க, அது காரணமே இல்லை. சிங்கிள் கிளட்ச் வண்டியில் பிடிஓவும் (பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றவைக்கும் தண்டு) கியர் பாக்ஸும் கிளட்சுக்குப் பின்னால் ஒரே ஓட்டத்தில் இருக்கு. மிதித்தால் இன்ஜின் மட்டும்தான் பிரியும். ஸ்லாஷருக்குள் சுற்றும் கத்தித் தட்டு பெரிய ஃப்ளைவீல் மாதிரி. அது சுற்றிக்கொண்டே பிடிஓவைத் திருப்பும், பிடிஓ கியர் பாக்ஸைத் திருப்பும், கியர் பாக்ஸ் பின் டயரைத் தள்ளும். பிரேக்கை அழுத்தினால் அந்த இழுப்பு அத்தனையும் கியர் பல்லில் விழும். ரோட்டவேட்டர் மண்ணுக்குள் இருப்பதால் மிதித்தவுடன் நின்றுவிடும், அதனால் அதில் இந்தத் தொந்தரவு தெரியாது.

தீர்வு ஓவர்ரன்னிங் கிளட்ச். பிடிஓ முனையில் மாட்டும் கையளவு உருளை, ஒரு பக்கம் மட்டும் இழுக்கும், எதிர்ப்பக்கம் சும்மா சுற்றும் (சைக்கிள் ஃப்ரீவீல் வேலைதான்). 1⅜ அங்குலம், 6 பல் என்று கேட்டு வாங்குங்க. வாங்கப் போகும் முன் பிடிஓ முனையில் பல் தேய்ந்திருக்கா என்று விரல் வைத்துப் பாருங்க. பழைய வண்டியில் பல் ஓரம் கூராகியிருந்தால் புதுசு மாட்டியும் ஆட்டம் இருக்கும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுவார்கள். இது மாட்டினால் மூணு நாலு அங்குலம் நீளம் கூடும், அதனால் பிடிஓவையும் ஸ்லாஷரையும் இணைக்கும் ஷாஃப்டை (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்) அறுத்தாக வேண்டும். அறுக்காமல் மாட்டினால் ஸ்லாஷரைத் தூக்கும்போது உள்குழாயும் வெளிக்குழாயும் முட்டி, பிடிஓ பேரிங்கோ ஸ்லாஷர் கியர் பெட்டியோ உடையும். லிஃப்ட் கையை மெல்ல ஏற்றி இறக்கி, இரண்டு முனைக்கும் நடுவில் தூரம் மிகக் குறையும் இடத்தைக் கண்டுபிடிங்க. பெரும்பாலும் இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் வரும்போதுதான். அங்கே இன்ஜினை நிறுத்தி, லிஃப்டுக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு, ஷாஃப்டின் இரண்டு பாதியையும் தனித்தனியாக மாட்டிப் பக்கத்தில் பக்கத்தில் பிடிங்க. ஒன்றரை அங்குலம் இடைவெளி நிற்கும்படி குறி போடுங்க. உள்குழாய், வெளிக்குழாய், மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை எல்லாவற்றிலும் ஒரே அளவு அறுத்து, பிசிறை அரத்தால் ராவி, கிரீஸ் வைத்துச் சேருங்க. முழுசா தூக்கினாலும் முழுசா இறக்கினாலும் ஒன்றுக்குள் ஒன்று 6 அங்குலமாவது இருக்கணும். சேர்க்கும்போது இரண்டு பக்க நுகமும் (ஷாஃப்ட் முனையில் கவை மாதிரி இருக்கும் பாகம்) ஒரே வாட்டத்தில் நிற்கணும், மாறிவிட்டால் அதிர்வு வந்து கிராஸ் பேரிங் சீக்கிரம் போயிடும்.

மாட்டும் வரை: திருப்பத்துக்கு முன்பே ஆக்சிலேட்டரைக் குறைச்சு, கிளட்சை மிதித்த கையோடு கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு அப்புறம் பிரேக். கிணற்றோரம், வாய்க்காலோரம் அடிக்கவே அடிக்காதீங்க.

மாட்டிய பிறகும் ஒன்று: வண்டி நின்றாலும் கத்தி நிற்காது, சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். சத்தம் முழுசா அடங்கும்வரை சீட்டை விட்டு இறங்க வேண்டாம்.

புல்லுக்காடு_தாராபுரம்

டயர் தடத்தில் புல் படுப்பதற்குக் காரணம் ஆர்பிஎம் குறைவு, இல்லைன்னா வண்டி வேகம் அதிகம். டயர் புல்லை மிதிக்கும், கத்திச் சுழற்சியில் எழும் காற்று அதைத் தூக்கி நிறுத்தணும், அதற்குள் வண்டி தாண்டிப் போயிடுது. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓட்டினால் இப்படித்தான் ஆகும். பிடிஓ நிமிஷத்துக்கு 540 சுற்றில் நிற்கணும், வேகத்தைக் கியரில்தான் குறைக்கணும்.

வேகம் 4 கி.மீ. போதும். 20 மீட்டருக்கு இரண்டு குச்சி நட்டு, 18 விநாடியில் கடந்தால் அதுதான் 4 கி.மீ. எந்த கியரில் அது வருதோ அதுவே உங்க கியர், பெரும்பாலும் லோவில் இரண்டு அல்லது மூணு. 5 அடி ஸ்லாஷரில் அரையடி மேல்படிய ஓட்டினால் வெட்டு அகலம் 1.35 மீட்டர் கிடைக்கும். திருப்பத்தில் போகும் நேரத்தையும் சேர்த்தால் மணிக்கு ஒரு ஏக்கர் ஆகும்.

உயரம் 5, 6 அங்குலத்துக்குக் கீழே போகாதீங்க. கொழுக்கட்டை தூரின் அடியில்தான் மறு துளிர் வரும், மொட்டையடித்தால் அடுத்த மழைக்குத் தூர் பாதி செத்துக் கிடக்கும். அதோடு நம்ம பக்கம் மண் ஆழம் குறைவு, சுண்ணாம்புக் கல் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். ஸ்லாஷரின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட அரை முதல் ஒரு அங்குலம் தாழ இருக்கணும், அப்போதான் கத்தி ஒரே தடவையில் வெட்டிவிட்டுப் போகும். பின்பக்கம் தாழ்ந்தால் வெட்டின புல்லையே திரும்பத் திரும்ப அரைக்கும், இன்ஜின் முக்கும். ஒரு பக்கம் மேடாக வெட்டினால் வலது லிஃப்ட் ராடில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றிச் சமன் செய்யலாம். டாப் லிங்கை (டிராக்டரையும் ஸ்லாஷரையும் மேல்பக்கம் இணைக்கும் கம்பி) விறைப்பாக இழுத்துக் கட்டாதீங்க, மேடு பள்ளத்தில் ஸ்லாஷர் மிதந்து போக இடம் வேணும். டிராஃப்ட் கன்ட்ரோலில் (இழுவைக்கு ஏற்ப லிஃப்ட் தானாக ஏறி இறங்குவது) வேண்டாம், பொசிஷன் லிவரில் (லிஃப்டை வைத்த உயரத்தில் நிறுத்துவது) ஓட்டுங்க.

என் கருத்து ஒன்று: காடு முழுக்க ஓட்டாதீங்க. கொழுக்கட்டை பூத்து விதை உதிர்ந்த பிறகு, மாடு ஒதுக்கின திட்டை மட்டும் அடிச்சா போதும். பச்சையாக நிற்கும் புல்லை அடிப்பது தீவனத்தை மண்ணில் கொட்டுவதுதான். பார்த்தீனியத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதைப் பூப்பதற்கு முன்னால் அடிக்கணும். அப்போதும் கட்டையிலிருந்து துளிர்த்து மறுபடி பூக்கும், ஈர மண்ணில் வேரோடு பிடுங்குவதே நல்லது. விதை பிடித்த பிறகு ஸ்லாஷர் ஓட்டினால் காடு முழுக்க நீங்களே விதைத்த மாதிரி. சீமைக்கருவேலக் கன்றும் ஸ்லாஷருக்குச் சாகாது, அடியிலிருந்து நாலு கொம்பாக வெடிக்கும். மண்ணுக்குள் ஒரு அடி தோண்டி வேரோடு எடுக்கணும்.

கொரங்காடு_மூலனூர்

ரொம்ப நன்றிங்கண்ணா. ஆர்பிஎம் முள் வேலை செய்யாது, 540 என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஷியர் போல்ட் வேற இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று முறியுது. ஹை டென்சில் (சுலபமாக முறியாத உறுதியான) போல்ட் போடலாமா?

பட்டறை_வெள்ளகோவில்

போடவே கூடாது. அந்த போல்ட் முறிவதற்காகவே வைத்தது. அது முறியலைன்னா கியர் பெட்டியின் பல் முறியும். ஸ்லாஷருடன் வந்த அதே அளவு, அதே கிரேடு.

அடிக்கடி முறிவதற்குக் காரணம் பெரும்பாலும் பிடிஓவை முழு ஆக்சிலேட்டரில் மாட்டுவது. இன்ஜினை ஐடிலுக்குச் சற்று மேலே வைத்து, கிளட்சை மெதுவாக விட்டு, கத்தி சுற்ற ஆரம்பித்த பிறகு ஆக்சிலேட்டரைக் கூட்டுங்க. இன்னொரு காரணம், ஒரு கத்தி துருப்பிடித்து மடங்கினபடியே இறுகியிருக்கும். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஸ்லாஷருக்கு முட்டுக் கொடுத்து, இரண்டு கத்தியும் கையால் தள்ளினால் சுலபமாக ஆடுதா என்று பாருங்க. கத்தியை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்றணும், எடை வித்தியாசம் இருந்தால் பெட்டியே நடுங்கும். ரொம்பக் கூராகத் தீட்டவும் வேண்டாம், ஒன்றரை மி.மீ. தடிப்பு விட்டால் கல்லில் பட்டாலும் பல் விழாது. கியர் பெட்டியில் 90 ஆயில் லெவல் பிளக் மட்டத்துக்கு இருக்கான்னும் பாருங்க.

540-க்கு: ஷாஃப்டைக் கழட்டிவிட்டு, பிடிஓ முனையில் மினுமினுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, ஒளி காட்டி அளக்கும் டாக்கோமீட்டரால் தள்ளி நின்று பாருங்க. 540 வந்ததும் கை ஆக்சிலேட்டர் நிற்கும் இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு. அவ்வளவுதான்.

நெல்லை_உழவன்

எல்லாரும் கல்லை விட்டுட்டீங்களே. கியர் பெட்டி விகிதம் 1:1.47 என்றால் கத்தி நிமிஷத்துக்கு 790 தடவைக்கு மேல் சுற்றும். 5 அடி வட்டத்துக்குக் கணக்குப் போட்டால் கத்தி முனை மணிக்கு 220 கி.மீ.யைத் தாண்டும். ஒரு நெல்லிக்காய் அளவு கல் அந்த வேகத்தில் கிளம்பினா எங்க போய் நிக்கும்னு யோசிங்க. முன்னாலும் பின்னாலும் சங்கிலித் திரை இருக்கணும், செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது பாதிச் சங்கிலி அறுந்துதான் கிடக்கும். ஆடு மேய்க்கிறவங்க, பிள்ளைகள் யாரும் அந்தக் காட்டிலேயே இருக்கக் கூடாது. வேலியோரம் அறுந்த முள்கம்பி கிடந்தா கத்தித் தண்டில் சுற்றி ஆயில் சீலை அறுத்துரும், ஒருதடவை நடந்து பார்த்துட்டு இறங்குங்க. புல்லுக்குள்ள மறைஞ்சு கிடக்கிற பழைய கிணத்துக்கும் அப்பவே கொம்பு நட்டு அடையாளம் வச்சிரணும்.

அப்புறம் ரேடியேட்டர். முத்தின கொழுக்கட்டைக் கதிர்ல இருக்கிற பஞ்சு மாதிரி விதை ஒரு மணி நேரத்துல ஜாலியை அடைச்சிரும். வெப்ப முள் ஏறினா இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, ஃபேன் பக்கத்துல இருந்து முன்பக்கமா காத்து அடிங்க. முன்னாலிருந்து அடிச்சா தூசி உள்ளேயே போய் இறுகும். ஆயில் பாத் ஏர் கிளீனரா (இன்ஜினுக்குப் போற காத்துல இருக்கிற தூசியை எண்ணெயில் பிடிக்கிறது) இருந்தா இந்த வேலைக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கிண்ணத்தைக் கழட்டிப் பாருங்க, அடியில் சேறு இருந்தா ஆயிலை மாத்தணும்.

ஆமா தம்பி, வெட்டின புல்லைக் காய வச்சு வைக்கோல் மாதிரி கட்டலாம்னு நினைச்சிருந்தா ஸ்லாஷர் ஆகாது. துண்டு துண்டாச் சிதறடிச்சிரும், பாதி மண்ணோட போயிரும். அதுக்குக் கட்டர் பார்தான் (நீளப் பட்டையில் பல் பல்லா இருக்கிற கத்தி) வேணும், ஆனா கல்லுக் காட்டுல அதோட கத்திப் பல் ஒரு நாள் தாங்காது.

கொரங்காடு_மூலனூர்

கட்ட வேண்டியதில்லைங்க, சும்மா அடிச்சுவிட்டாப் போதும். கத்தியில் ஒன்று நீங்க சொன்ன மாதிரியே இறுகித்தான் இருக்கு. மண்ணெண்ணெய் விட்டு ஊற வச்சிருக்கேன். ஓவர்ரன்னிங் கிளட்ச் வந்து, ஷாஃப்ட் அறுக்கிற வரைக்கும் ஸ்லாஷரைக் கழட்டியே வைக்கிறேன்.