சாட்ஸ்வர்த் குடும்பக் குழு: மண் ரேஸ் கேம் பிள்ளைகளுக்கு ஆகுமா?

சரஸ் அக்கா, 18:42
எல்லாருக்கும் வணக்கம். புரட்டாசி லீவுக்குப் பிள்ளைகளுக்கு மண் ரோட்டுல கார் ஓட்டுற ரேஸ் கேம் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். வீட்டுல பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4). சின்னவனுக்கு எட்டு வயசு, பெரியவளுக்குப் பதினொண்ணு. கடையில டர்ட் ரேலி 2.0 காட்டுனாங்க, அட்டையில 3னு போட்டிருக்கு. அப்ப எட்டு வயசுக்குத் தாராளமா ஆகும், இல்லையா?

லோகன், 18:47
அக்கா, அந்த 3 ஐரோப்பாவோட பெகி வயசு நம்பர். ரத்தம், கெட்ட வார்த்தை, பயமுறுத்துற காட்சி இருக்கான்னு பாத்துக் குடுக்குறது. ஓட்டக் கஷ்டமா சுலபமான்னு அது சொல்லாது. டர்ட் ரேலி 2.0, 2019ல வந்தது. பெரியவங்களே மரத்துல மோதி மோதித்தான் கத்துக்குவாங்க. தப்புப் பண்ணினா பின்னால சுத்திக்கிற வசதி கிடையாது. பக்கத்துல உக்காந்திருக்கிறவர் அடுத்த வளைவைப் பத்தி நம்பர் நம்பரா சொல்லிட்டே வருவார், அதையும் கேட்டுக்கிட்டே ஓட்டணும். எட்டு வயசுக்கு அரை மணி நேரத்துல அழுகை வந்துடும்.

லோகன், 18:48
அதோட அந்த கேம்ல கேரியர் பக்கம், அதாவது போட்டி போட்டியா முன்னேறுற பகுதி, இன்டர்நெட் இருந்தாத்தான் திறக்கும். லைன் போச்சுன்னா பாதி கேம் பூட்டிக்கும்.

தனம் மாமி, 18:53
நம்ம நாட்டு மார்க் ஒண்ணு இருக்கே, அதைப் பாக்க வேண்டாமா?

லோகன், 18:55
பாக்கணும் மாமி. எஃப்பிபி மார்க், தென்னாப்பிரிக்காவுல படத்துக்கும் கேமுக்கும் வயசு மார்க் போடுற வாரியம் குடுக்குறது. 'ஏ'ன்னா எல்லாரும், 'பிஜி'ன்னா பெத்தவங்க பாத்து முடிவு பண்ணணும், அப்புறம் 7-9 பிஜி, 10-12 பிஜி, 13, 16, 18. 7-9 பிஜின்னா ஏழுக்குக் கீழ ஆகாது, ஏழுலேருந்து ஒன்பது வரைக்கும் பெரியவங்க கூட இருந்தா ஆகும். ஆனா ஆன்லைன்ல முகம் தெரியாத ஆள் மைக்ல என்ன பேசுவான்னு எந்த மார்க்கும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எனக்கு இந்த மாதிரி கேம்ல காரை விட அந்த மைக் மேலதான் பயம்.

பிரேமி, 19:02
சரஸ் அக்கா, மண் ரேஸ்ல ரெண்டு வகை. ரேலின்னா காடு மலைன்னு ஒத்தைக் கார் நேரத்தோட போட்டி போடுறது. ஓவல்னா முட்டை வடிவத் தடத்துல எல்லாரும் சேந்து இடது பக்கமா சுத்துறது. சின்னவனுக்கு ஓவல்தான் சரி. தடம் மாறாது, ஒரே வளைவு திரும்பத் திரும்ப வரும், கை பழகும். அரை மைல் தடத்துல ஒரு சுத்துக்கு 20 வினாடி வெச்சாலும் 15 சுத்து அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும். அதனால "இன்னும் பத்து நிமிஷம்"னு சொல்லாதீங்க, "நாலு ரேஸ்"னு சொல்லுங்க. ரேஸ் நடுவுல கன்ட்ரோலரைப் பிடுங்கினாத்தான் அண்ணன் தங்கச்சி, அக்கா தம்பி சண்டையெல்லாம்.

பிரேமி, 19:04
ஓவல் கேம்னா 2022ல வந்த வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ் டர்ட் ரேஸிங் பிஎஸ்4ல ஓடும். ஆனா அதுல சிறகு வெச்ச ஸ்பிரின்ட் காரை முதல்ல குடுக்காதீங்க. நிஜத்துல அந்தக் கார் ஓட்டுநரோட சேத்தே சுமார் 1400 பவுண்டு, அதாவது 635 கிலோ. இன்ஜின் 900 குதிரைத் திறன். கிளட்ச் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை. வலது பின் டயர் இடதை விடப் பெருசு, அதனால கார் தானாவே இடது பக்கம் இழுக்கும். கேம்லயும் தொட்டவுடனே சுத்திக்கும். ஸ்ட்ரீட் ஸ்டாக் கார்ல ஆரம்பிக்கணும். கனம் ஜாஸ்தி, திறன் கம்மி, மெதுவாத்தான் வழுக்கும்.

சரஸ் அக்கா, 19:07
எதனால சுத்திக்கும்? அவன் கேப்பான், எனக்குச் சொல்லத் தெரியணும்.

பிரேமி, 19:13
மண்ணுல டயருக்குப் பிடி கம்மி. வளைவுல பின்பக்கம் வெளியே தள்ளும். அப்ப ஸ்டியரிங்கை வலது பக்கம், அதாவது எதிர்ப் பக்கம் திருப்பிப் பிடிக்கணும். பிள்ளைங்க என்ன பண்ணுவாங்கன்னா இடது வளைவு தெரியுதுன்னு இன்னும் இடதுபக்கமே திருப்பி, வேகம் கூட்டுற ஆர்2 பட்டனை முழுசா அமுக்கிடுவாங்க. கார் பம்பரம் மாதிரி சுத்தும்.

பழக்குற விதம்: எதிரிக் கார் எதுவும் இல்லாம வெறும் தடம். ஆர்2 பாதிதான், பத்துச் சுத்து. வளைவுக்கு முன்னாலயே விரலை எடுக்கணும், காரோட மூக்கு நேர்ப்பாதையைப் பாத்தப்புறம்தான் அமுக்கணும். இது வந்தப்புறம் எதிரிக் கார்களை இருக்குறதுலயே குறைஞ்ச வேகத்துல வெச்சு நாலஞ்சு மட்டும் சேருங்க.

இன்னொண்ணு, ஈரமா இருக்குற தடம் ரேஸ் போகப் போகக் காஞ்சு வழுக்கும். முதல் சுத்துல பிடிச்ச இடம் பத்தாவது சுத்துல பிடிக்காது. "நான் சரியாத்தானே ஓட்டுறேன்"னு பையன் கோபப்பட்டா, அப்ப கொஞ்சம் மேல, வெளிச்சுவர் பக்கம் ஓட்டிப் பாருன்னு சொல்லுங்க. மண் தள்ளித் தள்ளி அங்க மேடு கட்டியிருக்கும், டயருக்குப் பிடி கிடைக்கும்.

லோகன், 19:15
கார் தானா ஒரு பக்கம் போகுதுன்னா அது கன்ட்ரோலர் தேய்மானமாவும் இருக்கலாம். குச்சியைத் தொடாம விட்டுப் பாருங்க. அப்பவும் இழுத்தா டெட்சோனை (குச்சி லேசா அசைஞ்சாலும் கேம் கண்டுக்காத அளவு) 5லேருந்து 10 சதவீதம் வரைக்கும் ஏத்துங்க.

தனம் மாமி, 19:20
எனக்கு ஒரு கவலை சொல்றேன். இடிக்கிறதைத் திரும்பத் திரும்பப் பாத்தா இடிக்கிறது ஒண்ணுமே இல்லைன்னு மனசுல பதியாதா?

பிரேமி, 19:26
நியாயமான கவலைதான் மாமி. அதுக்கு கேம்லயே வழி இருக்கு. நிறைய பேர் சின்னப் பிள்ளைதானேன்னு டேமேஜை, அதாவது இடிச்சா கார் சேதமாகுற செட்டிங்கை, நிறுத்திடுவாங்க. நிறுத்தினா பிள்ளை பிரேக்கே பிடிக்காது, பக்கத்துக் கார் மேல சாய்ஞ்சே வளைவு திரும்பும். டேமேஜ் இருந்தா முன்சக்கரம் கோணிக்கும், கார் நேராப் போகாது, தோத்துடும். இடிச்சா நஷ்டம்னு அதுவே சொல்லிக் குடுக்கும். முதல் வாரம் வேணா நிறுத்தி வைங்க, அப்புறம் போட்டுடுங்க. இடிக்கிறதுக்குன்னே பண்ணின ரெக்ஃபெஸ்ட் மாதிரி கேம் வேற ரகம். எட்டு வயசுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

சரஸ் அக்கா, 19:29
பெரியவளுக்கு ஸ்டியரிங் வீல் வேணுமாம்.

பிரேமி, 19:34
பதினொண்ணுக்குப் பரவாயில்லை. ஆனா சில விஷயம் இருக்கு. வீல் எதிர்த்து இழுக்குற பலத்தை 30 சதவீதத்துல ஆரம்பிங்க. முழுசா வெச்சா மோதுறப்ப வெடுக்குன்னு சுத்தும், கட்டைவிரல் பிசகும். லாஜிடெக் ஜி29 மாதிரி வீல் 900 பாகை சுத்தும். மண்ணுல எதிர்ப் பக்கம் திருப்புறதுக்கு அவ கை எட்டாது, 540க்குக் குறைங்க. அதோட பிரேக் பெடலுக்குள்ள ரப்பர் கட்டை இருக்கு, கடினம். பிள்ளை காலால முழுசா அமுங்காது, அதனால கேம்ல பிரேக் உணர்திறனைக் கூட்டி வைங்க. டைல்ஸ் தரையில பெடல் நழுவும், அடியில ரப்பர் பாய் போடுங்க. சின்னவன் கால் தரையில படுற வரைக்கும் அவனுக்கு வீல் வேண்டாம்.

லோகன், 19:36
அவங்க ரெண்டு பேரும் சேந்து ஆடணும்னா டர்ட் 5, 2020ல வந்தது. ஒரே டிவியில நாலு பேர் வரைக்கும் திரையைப் பிரிச்சு ஆடலாம், இன்டர்நெட் வேண்டாம். நிஜத்தன்மை கம்மி, சந்தோஷம் ஜாஸ்தி. அட்டையில மார்க் என்னன்னு பாத்துட்டு வாங்குங்க.

சரஸ் அக்கா, 19:38
அந்த மைக், காசு விஷயம் எல்லாம் எப்படிப் பூட்டுறது லோகன்?

லோகன், 19:46
செட்டிங்ஸ்ல பேரன்டல் கன்ட்ரோல்ஸ், ஃபேமிலி மேனேஜ்மென்ட். உங்க அக்கவுண்டுல நுழைஞ்சு ரெண்டு பேருக்கும் தனித்தனி சைல்ட் அக்கவுண்ட் போடுங்க. பேச்சும் மெசேஜும் அனுமதி இல்லைன்னு வைங்க, மாசச் செலவு வரம்பு 0. ஆடுற நேரம் முடிஞ்சா அறிவிப்பு மட்டுமா, இல்லை வெளியே தள்ளணுமான்னு கேக்கும். அறிவிப்பு மட்டும் போதும். வெளியே தள்ளினா நடுவுல இருக்குற ரேஸ் சேவ் ஆகாமப் போயிடும், அந்தக் கோபம் உங்க மேல வரும்.

இதோட விட்டுடுறாங்க, அதுதான் தப்பு. இன்னும் மூணு ஓட்டை இருக்கு. சிஸ்டம் பாஸ்கோடு பொட்டியிலேருந்து வர்றப்ப 0000, அதை மாத்துங்க. புதுசா யூசர் போடுறதையும் கெஸ்ட் லாகினையும் தடுங்க, இல்லைன்னா பையன் புது யூசர் போட்டுக்குவான், பூட்டு ஒண்ணும் வேலை செய்யாது. உங்க அக்கவுண்டுக்கும் ஒரு பாஸ்கோடு வைங்க.

தனம் மாமி, 19:49
கண்ணுக்கு?

லோகன், 19:52
மணிக்கு 15 நிமிஷம் ஓய்வுன்னு பிளேஸ்டேஷன் எச்சரிக்கையிலேயே இருக்கு மாமி. லைட் போட்ட ரூம்ல, டிவியை விட்டுத் தள்ளி உக்காரணும். வீட்டுல யாருக்காவது வலிப்பு வந்திருந்தா முதல்ல டாக்டர்கிட்ட கேக்கணும். தலை சுத்துதுன்னா ஓட்டுநர் சீட்டுலேருந்து பாக்குற கேமராவை மாத்தி, காருக்குப் பின்னாலேருந்து பாக்குறதைப் போடுங்க. கேமரா குலுக்கல், மோஷன் பிளர் (வேகத்துல படம் மங்கலாத் தெரியுறது) ரெண்டையும் நிறுத்துங்க. வாந்தி வர்ற மாதிரி இருந்தா அன்னிக்கு அதோட சரி, சமாளிச்சு ஆடச் சொல்லாதீங்க.

சரஸ் அக்கா, 19:55
அப்ப ரேலி வேண்டாம், ஓவல் ஒண்ணு, டர்ட் 5 ஒண்ணு. சனிக்கிழமை போறேன்.

பிரேமி, 19:56
பெரியவ ஓவல்ல டேமேஜ் போட்டு ஜெயிக்க ஆரம்பிச்சா ரேலியை அப்புறம் வாங்கிக் குடுங்க அக்கா. அவளால முடியும்.

லோகன், 19:58
பழைய டிஸ்க்னா அடிப்பக்கத்தை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. வட்டமா ஓடுற கீறல் இருந்தா வேண்டாம், இன்ஸ்டால் பாதியில நின்னுடும். வாங்கின அன்னிக்கே குடுத்துடாதீங்க, முதல் நாள் ராத்திரியே போட்டு அப்டேட் இறக்கி வைங்க. கரண்ட் கட் அறிவிச்சிருந்தா அந்த நேரத்துக்கு கால் மணி முன்னாலயே முழுசா ஆஃப் பண்ணிடுங்க. சேவ் ஆகுறப்ப கரண்ட் போனா சேவ் ஃபைல் கெட்டுப் போயிடும்.