புதுப்பிப்பு: 95 எம்பிபிஎஸ் (Mbps) வேகத்தைத் தாண்டாத இணைய இணைப்பு சரியாகிவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: 300 எம்பிபிஎஸ் ஃபைபர் திட்டம், வைஃபையில் போனுக்கு 280 வரை வருகிறது, ஆனால் கேபிளில் இணைத்த டெஸ்க்டாப்பில் 95-ஐத் தாண்டவே இல்லை என்று. டிரைவரைப் புதுப்பித்தேன், ரவுட்டரை ரீசெட் செய்தேன், பலனில்லை.

"லிங்க் ஸ்பீடைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் திருப்பம். அதாவது, கணினியும் ரவுட்டரும் கேபிள் வழியே பேசிக்கொள்ளும் வேகம். விண்டோஸில் ஈதர்நெட் அமைப்புக்குள் போய்ப் பார்த்தால் 100/100 (பெற, அனுப்ப இரண்டுக்கும் 100 எம்பிபிஎஸ்) என்றிருந்தது. ரவுட்டர், கணினி இரண்டுமே கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் உள்ளவை. அப்போ மிச்சம் கேபிள்தான்.

கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். கேபிள் முனையில் இருக்கும் பின்களில் 1, 2, 3, 6 மட்டும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். மற்ற இரண்டில் ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு துண்டிக்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். அதனால்தான் இத்தனை நாள் கேபிள்மேல் சந்தேகமே வரவில்லை.

முதலில் ரவுட்டர் பக்கத்திலேயே கணினியை வைத்து வேறொரு சின்ன கேபிளால் இணைத்தேன். உடனே 1000/1000. பழைய கேபிளைத் தடவிக்கொண்டே போனதில், கதவிடுக்கில் நசுங்கிய இடம் கிடைத்தது. 15 மீட்டர் கேட் 6 (Cat 6, கிகாபிட்டைத் தாங்கும் வகை) கேபிள் வாங்கி, இம்முறை கதவுக்கு மேலே கிளிப் அடித்துக் கொண்டுபோனேன். இப்போது 290 வருகிறது.

லிங்க் ஸ்பீடு சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. புது நெட்வொர்க் கார்டு வாங்க இருந்தேன், அந்தச் செலவு மிச்சம்.