ஸ்பேஸ்வார்: ஆடத்தக்க ஆட்டமா, அருங்காட்சியகப் பொருளா?

வால்மீன்:
1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 கணினிக்கு எழுதிய ஸ்பேஸ்வார் என்ற விண்வெளிப் போர் ஆட்டத்தை, அந்தப் பழைய கணினியைப் போலவே செயல்பட்டு உலாவியில் இயங்கும் எமுலேட்டரில் ஒரு நண்பருடன் ஆடிவருகிறேன். ஊசி வடிவில் ஒரு கலம், ஆப்பு வடிவில் ஒரு கலம், நடுவில் இரண்டையும் தன்பால் இழுக்கும் ஒரு விண்மீன், இவ்வளவுதான் ஆட்டம். எதிராளியைக் குறிவைக்கும் அதே நொடியில் விண்மீனில் விழாமலும் தப்ப வேண்டியிருப்பதால், இன்றைய இருவர் ஆட்டங்கள் பலவற்றில் காணாத இறுக்கம் இதில் இருக்கிறது.

நேர்கோடு:
இதன் வரலாற்று மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் முன்னோடி என்பதற்காக நல்ல ஆட்டம் என்று சொல்லிவிட முடியாது. இருபுறமும் திரும்புதல், உந்துதல், சுடுதல், ஹைப்பர்ஸ்பேஸுக்குள் மறைதல் (திரையிலிருந்து மறைந்து வேறோரிடத்தில் தோன்றுவது) ஆகிய ஐந்து செயல்களுக்கு மேல் இதில் எதுவுமில்லை. கலங்களை இழுக்கும் ஈர்ப்பு, அவை சுடும் குண்டுகளான டார்பிடோக்களைத் தொடுவதேயில்லை; ஹைப்பர்ஸ்பேஸிலிருந்து எங்கே வெளிவருவோம் என்பதோ முழுக்கத் தற்செயல். திறமையைச் சோதிக்கும் ஆட்டத்தில் இவை குறைகளே.

வால்மீன்:
ஒவ்வொரு டார்பிடோவுக்கும் ஈர்ப்பைக் கணக்கிட அந்தக் கணினிக்கு நேரம் போதவில்லை என்பது உண்மைதான். ஆயினும் அந்தக் குறையிலிருந்தே ஆட்டத்தின் அழகு பிறக்கிறது: கலம் வளைந்து செல்ல, குண்டு நேராகச் செல்வதால், எதிராளியின் வளைபாதை நம் நேர்பாதையை எங்கே வெட்டும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டியிருக்கிறது. ஹைப்பர்ஸ்பேஸும் வெறும் அதிர்ஷ்டமன்று; ஒவ்வொரு முறை நுழையும்போதும் வெளிவருகையில் வெடித்துச் சிதறும் அபாயம் கூடுவதால், அது கடைசிப் புகலிடமாகவே நிற்கிறது.

ஈர்ப்பைப் பின்னர் சேர்த்தவர் ரஸ்ஸலின் நண்பர்களில் ஒருவரான டேன் எட்வர்ட்ஸ். அதன் பிறகுதான், தொடங்கியவுடன் இருவரும் விண்மீனை நோக்கிப் பாய்ந்து, அதன் இழுப்பில் வேகம் பெற்றுச் சுழன்று வெளியேறும் 'சிபிஎஸ் தொடக்கம்' போன்ற உத்திகள் தோன்றின. 1971இல் வெளிவந்த, காசு போட்டு ஆடும் கம்ப்யூட்டர் ஸ்பேஸ் என்ற ஆட்டம் இதே ஆட்டத்தைத் தழுவியது. ஆனால் விண்மீனையும் எதிரில் அமரும் மனிதரையும் விட்டுவிட்டு, பறக்கும் தட்டுகளைச் சுடவைத்தது. ஸ்பேஸ்வாரின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை அறிய இரண்டையும் அடுத்தடுத்து ஆடினாலே போதும்.

இரட்டைக்கலம்:
நேர்மை பற்றியும் ஒரு சொல். தொடக்கத்தில் கணினியின் முகப்புச் சுவிட்சுகளைக் கொண்டே ஆடினார்கள். திரை ஒரு பக்கமாக அமைந்திருந்ததால் ஒருவருக்கு அனுகூலம் இருந்தது. ஆகவே அதே நண்பர் குழுவின் ஆலன் கோடக்கும் பாப் சாண்டர்ஸும் தனித்தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்தார்கள். ஒரே விசைப்பலகையில் இருவர் கைவைத்து ஆடி, பல விசைகளை ஒருசேர அழுத்தும்போது சில பதிவாகாமல் போவதைக் கண்டுவிட்டு, ஆட்டத்தைக் குறை சொல்வது முறையன்று. இரண்டு கேம்பேடுகளை இணைத்து ஆடிப் பாருங்கள்.

நேர்கோடு:
ஈர்ப்பைப் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் ஆழத்தை எட்ட, நிகரான பழக்கமுள்ள எதிராளி ஒருவர் எப்போதும் அருகில் இருக்க வேண்டும். அன்றைய ஆய்வுக்கூடத்தில் அப்படிப்பட்ட கூட்டம் இருந்தது. இன்றைய ஆட்டங்கள் சம திறனுடையவர்களைத் தேடி இணைத்துவிடுகின்றன. இங்கோ புதிதாக வருபவர், எதிராளி ஒரு குண்டுகூடச் சுடாமலே, விண்மீனில் விழுந்து தோற்றுப்போகிறார்.

வால்மீன்:
அதற்கும் அந்தக் கணினியிலேயே வழி இருந்தது. சுவிட்சைத் தட்டி விண்மீனை நீக்கிவிட்டுப் புதியவருடன் ஆடலாம்.

நேர்கோடு:
விண்மீனை நீக்கினால், நீங்கள் இவ்வளவு நேரம் புகழ்ந்த ஆட்டமும் அதோடு போய்விடுகிறதே.

வால்மீன்:
கலத்தைத் திருப்பி உந்திப் பழகும் வரைக்கும்தான் அந்த ஏற்பாடு. உந்தியபின் எதிர்த்திசையில் உந்தினாலொழிய வேகம் குறையாது என்பது கைக்குப் பிடிபட்டதும், விண்மீனைத் திரும்பக் கொண்டுவரலாம். அதற்குத் துணையாக ஒருவர் வேண்டும் என்ற உங்கள் கூற்றை மறுக்க மாட்டேன்; அந்தத் தேவைதான் இதை இருவர் ஆட்டமாக்குகிறது.